வெப்பத்தைப் பார்க்கும் தொலைநோக்கிகள்

அகச்சிவப்புக் கதிர் என்பது சிவப்பு நிறத்துக்கு அப்பால் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதன் அலைநீளம் ஏறத்தாழ 0.75 மைக்ரானில் தொடங்கிச் சில நூறு மைக்ரான் வரை நீள்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, எந்த நிறத்தில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். குமிழில் கறுப்புப் பூசிய வெப்பமானிகளை மேசைமேல் வைத்து, ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போக ரசம் மேலே ஏறுவதைக் கண்டார். சிவப்பையும் தாண்டி, எந்த நிறமும் விழாத வெறும் மேசைப் பரப்பில் வெப்பமானியை வைத்தார். அங்கே ரசம் இன்னும் உயரத்தில் நின்றது. யுரேனஸ் கோளை 1781-இல் கண்டுபிடித்தவரும் இவரேதான்; ஆனால் வானியலுக்கு அவர் தந்த பெரிய கொடை இந்த மேசைமேல் நடந்த சோதனை என்று சொன்னாலும் தவறில்லை.

வெப்பம் உள்ள பொருள் எதுவானாலும் கதிர் வீசும். பொருள் எவ்வளவு சூடோ, கதிரின் அலைநீளம் அவ்வளவு குறுகும். சுமார் 5,800 கெல்வின் வெப்பமுள்ள சூரியன் அரை மைக்ரான் அளவில், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியில், மிகப் பிரகாசமாக இருக்கிறது. 37 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள மனித உடலின் ஒளிர்வு 9 மைக்ரானுக்குச் சற்று மேல் உச்சம் பெறுகிறது. விண்மீன்களுக்கு நடுவே 30 கெல்வினில் உறைந்து கிடக்கும் தூசுகூட ஒளிர்கிறது. அதன் உச்சம் 100 மைக்ரானை ஒட்டியது. பிரபஞ்சத்தில் இருட்டாகத் தோன்றுபவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இருட்டல்ல, குளிர்ந்தவை. போதாக்குறைக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து நிறுத்தும் தூசுத் திரையை நீண்ட அலைநீளக் கதிர்கள் எளிதாகக் கடந்து வந்துவிடுகின்றன.

இந்தக் கதிர்களைத் தரையிலிருந்து பிடிப்பது கடினம். காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. மிஞ்சியதைப் பார்க்கலாம் என்றால் காற்றே அகச்சிவப்பில் ஒளிர்கிறது. தொலைநோக்கியின் ஆடியும் குழாயும்கூட ஒளிர்கின்றன. குழாய்க்குள் முழுக்க சீரியல் விளக்கு கட்டி எரியவிட்டு, அதன் வழியே மங்கலான ஒரு விண்மீனைத் தேடுவதற்கு ஒப்பான வேலை இது. ஆகவே தொலைநோக்கியை வளிமண்டலத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டும். அது போதாது, அதைக் கடுங்குளிரில் வைக்கவும் வேண்டும்.

குளிரூட்ட முதலில் கைகொடுத்தது திரவ ஹீலியம். மண்பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறதல்லவா, அதே வழிதான். கலத்திலுள்ள ஹீலியம் சிறுகச் சிறுக ஆவியாகி விண்வெளியில் கலக்கும். போகும்போது கருவியின் வெப்பத்தையும் கொண்டுபோகும். உணரிகள் தனிச்சுழிக்கு, அதாவது குளிரின் கடைசி எல்லைக்கு, இரண்டு மூன்று டிகிரி மேலே நிற்கும். பானையில் நீர் வற்றுவதுபோல ஹீலியமும் வற்றும். வற்றிய நாளில் தொலைநோக்கியின் பார்வையும் மங்கும். இந்தத் துறையில் ஒரு திட்டத்தின் ஆயுளைச் சொல்ல வேண்டுமானால் ஹீலியம் எத்தனை மாதம் தாங்கும் என்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

அப்படிப் போன முதல் தொலைநோக்கி ஐராஸ். அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் சேர்ந்து 1983 ஜனவரியில் ஏவியது. ஆடியின் விட்டம் 57 சென்டிமீட்டர்தான், வீட்டிலுள்ள பெரிய தாம்பாளத்தின் அகலம். அது உழைத்ததும் பத்து மாதங்களே. அந்தப் பத்து மாதத்தில் வானத்தின் 96 சதவீதத்தைத் துழாவி, ஏறத்தாழ இரண்டரை லட்சம் அகச்சிவப்புப் புள்ளிகளைப் பட்டியலிட்டது.

அதன் மிகப் பெரிய கண்டுபிடிப்பு, தேடிப் போகாமல் கிடைத்தது. புதிய தராசைப் பயன்படுத்துமுன் எடை தெரிந்த படிக்கல்லை வைத்துச் சரிபார்ப்பது வழக்கம். வானியலாளர்களுக்கு அப்படியொரு படிக்கல் அபிஜித். மேலைநாட்டார் வேகா என்று அழைக்கும் இந்த விண்மீன் 25 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. வெள்ளை நிறம், நிலையான ஒளி, நன்றாக அளக்கப்பட்ட வெப்பநிலை. ஐராஸின் உணரிகளைச் சீர்ப்படுத்த ஹார்ட்மட் ஆமன், ஃப்ரெட் ஜில்லெட் இருவரும் இதை அளந்தார்கள். 12 மைக்ரானில் கணக்கு சரியாக வந்தது. 60 மைக்ரானிலும் 100 மைக்ரானிலும், இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு ஒளி வந்தது. மற்ற விண்மீன்களோடு ஒப்பிட்டபோது கருவி சரியாகவே இருந்தது. படிக்கல்லில்தான் ஏதோ கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அது தூசு. சுமார் 85 கெல்வின், அதாவது கழித்தல் 188 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், விண்மீனைச் சுற்றி நம் சூரியக் குடும்பத்தின் அளவுக்குப் பரந்து கிடக்கும் துகள்கள். இத்தகைய தூசு நெடுங்காலம் நிலைக்காது. விண்மீனின் ஒளியே அதைத் தள்ளியோ இழுத்தோ அப்புறப்படுத்திவிடும். இன்னும் இருக்கிறது என்றால், வால்மீன்களும் சிறுகோள்களும் போன்ற பெரிய உருண்டைகள் மோதி உடைந்து புதுத் தூசைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றிக் கோள் உண்டா என்று யாருக்கும் தெரியாத காலம் அது. அந்த விடை 1995-இல்தான் வந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, கோள்கள் உருவாகும் மூலப்பொருள் பிற விண்மீன்களிடமும் உண்டு என்று ஐராஸ் காட்டிவிட்டது. இதே கூடுதல் ஒளியைக் காட்டிய பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீனைச் சிலியிலுள்ள லாஸ் கம்பானாஸ் ஆய்வகத்திலிருந்து 1984-இல் படமெடுத்தபோது, பக்கவாட்டில் தெரியும் ஒரு தட்டு படத்திலேயே பதிந்தது. பின்னாளில் அந்தத் தட்டுக்குள் கோளும் கண்டுபிடிக்கப்பட்டது.

அபிஜித்தின் கதை அத்தோடு முடியவில்லை. 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படங்களில் அதன் தூசுத்தட்டு வியக்கத்தக்க அளவுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தது. பெரிய கோள் ஒன்று உழுதுகொண்டு போயிருந்தால் தெரியக்கூடிய ஆழமான தடங்கள் இல்லை. கிட்டத்தட்ட அதே தொலைவில், அதே வகையைச் சேர்ந்த ஃபொமல்ஹாட் விண்மீனைச் சுற்றியோ தனித்தனி வளையங்கள் இருக்கின்றன. ஒரே மாதிரிப் பிறந்த இரண்டு விண்மீன்களின் சுற்றுப்புறம் ஏன் இப்படி வேறுபட்டது என்பது திறந்த கேள்வி.

ஐராஸின் பிற வரவுகளில் ஒன்று வீட்டு மாடியிலிருந்தே பார்க்கக்கூடியதோடு தொடர்புடையது. கார்த்திகை மாதக் கடைசியில், டிசம்பர் 13, 14 இரவுகளில், மிதுன ராசித் திசையிலிருந்து எரிநட்சத்திரங்கள் பொழியும். பெரும்பாலான பொழிவுகளுக்கு மூலம் வால்மீன்கள். இதற்கு மூலம் தெரியாமலிருந்தது. 1983 அக்டோபரில் ஐராஸ் தரவுகளில் சைமன் கிரீன், ஜான் டேவிஸ் இருவரும் வேகமாக நகரும் ஒரு புள்ளியைக் கண்டார்கள். அதன் பாதை மிதுனப் பொழிவுத் துகள்களின் பாதையோடு பொருந்துவதை ஃப்ரெட் விப்பிள் சுட்டிக்காட்டினார். ஃபேத்தான் என்று பெயர் பெற்ற அந்தப் பொருள் பார்வைக்குச் சிறுகோள். வால்மீனின் வேலையைச் சிறுகோள் ஒன்று செய்வது எப்படி என்று இன்றும் ஆராய்கிறார்கள். தொலைவில், ஆர்ப் 220 போன்ற விண்மீன் திரள்கள் லட்சம் கோடிச் சூரியன்களின் ஆற்றலை அகச்சிவப்பில் கொட்டுவதும் ஐராஸால் தெரியவந்தது. இரண்டு திரள்கள் மோதி, வாயு நடுவில் குவிந்து, விண்மீன்கள் மொத்தமாகப் பிறக்கும் இடங்கள் அவை. அந்தப் புது ஒளியைத் தூசு விழுங்கி வெப்பமாக வெளியே விடுவதால், சாதாரணத் தொலைநோக்கியில் அவை பெரிதாகத் தெரிவதில்லை.

1995 நவம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பிய ஐசோ, ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்ப்பதில் வல்லது. விண்மீன் பிறக்கும் மேகங்களிலும் சனியின் நிலவான டைட்டனின் காற்றிலும் அது நீராவியைக் கண்டது. முதிய விண்மீன்களைச் சுற்றியும் ஹேல்-பாப் வால்மீனிலும் ஒரே வகைப் படிகத் தாது, ஆலிவைன் குடும்பத்தைச் சேர்ந்த ஃபோர்ஸ்டரைட், இருப்பதையும் காட்டியது.

ஸ்பிட்சர் 2003 ஆகஸ்டில் ஏவப்பட்டபோது குளிரூட்டும் உத்தியே மாறியிருந்தது. பூமியைச் சுற்றினால் பூமியின் வெப்பம் கருவியைத் தாக்கும். எனவே பூமிக்குப் பின்னால் சூரியனைச் சுற்றி மெல்ல விலகிச் செல்லும் பாதையில் அதை விட்டார்கள். தொலைநோக்கியைச் சூடாகவே ஏவி, விண்வெளியின் குளிரில் ஆறவிட்டு, கடைசிக் குளிர்ச்சிக்கு மட்டும் ஹீலியத்தைச் செலவழித்தார்கள். 85 சென்டிமீட்டர் ஆடி. வெறும் 360 லிட்டர் ஹீலியம். அது ஐந்தரை ஆண்டுக்கு மேல் தாங்கியது. 2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்த பிறகும், நிழலின் குளிரிலேயே 3.6, 4.5 மைக்ரான் உணரிகள் 2020 ஜனவரி வரை உழைத்தன.

பிற விண்மீன்களின் கோள்களிலிருந்து வரும் ஒளியை முதன்முதலாகப் பிடித்தது ஸ்பிட்சர்தான். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது, விண்மீன், கோள் இரண்டின் கூட்டு ஒளியில் கோளின் பங்கு மட்டும் குறையும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்தக் குறைவு அளக்க முடியாத சிறுமை. அகச்சிவப்பில், கோள் தானே ஒளிர்வதால், ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குக் குறைவு தெரியும். 2005-இல் எச்டி 209458 பி, டிரெஸ்-1 என்ற இரு கோள்களின் ஒளியை இரண்டு குழுக்கள் இவ்வாறு பிரித்தெடுத்தன. இரண்டு ஆண்டு கழித்து எச்டி 189733 பி என்ற வாயுக்கோளின் வெப்ப வரைபடமே வரையப்பட்டது. அதன் மிகச் சூடான இடம் விண்மீனுக்கு நேர் எதிரே இல்லை. கிழக்கே தள்ளி இருந்தது. கடும் காற்று வெப்பத்தை அடித்துக்கொண்டு போகிறது என்பதற்கு அது சான்று.

கும்ப ராசித் திசையில் 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1, வியாழனைவிடச் சற்றே பெரிய, 2,500 கெல்வின் அளவே வெப்பமுள்ள சிறு சிவப்பு விண்மீன். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கில்லோன் குழு 2016-இல் அதைச் சுற்றி மூன்று கோள்களை அறிவித்தது. கணக்கு சரியாகப் பொருந்தாததால் ஸ்பிட்சரை அதன் பக்கம் திருப்பினார்கள். பூமியைச் சுற்றாத தொலைநோக்கிக்குப் பகல் இரவு இல்லை. ஏறத்தாழ 20 நாள் கண்கொட்டாமல் பார்த்தது. விண்மீனின் ஒளி அடிக்கடி சிறிதே தாழ்ந்து மீண்டது. அந்தத் தாழ்வுகளைப் பிரித்து அடுக்கியபோது கோள்கள் ஏழு என்று தெரிந்தது. எல்லாமே பூமியின் அளவை ஒட்டியவை. 2017 பிப்ரவரியில் செய்தி வந்தது. ஏழும் மிக நெருங்கிய பாதைகளில் சுற்றுகின்றன; முதல் கோளுக்கு ஓராண்டு என்பது ஒன்றரை நாள், கடைசிக் கோளுக்கு சுமார் 19 நாள். 2023-இல் வெப் தொலைநோக்கி முதல் கோளின் பகல் பக்கத்தை அளந்து, ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் என்றது. வெப்பத்தைச் சுற்றிப் பரப்பும் அடர்ந்த காற்று அங்கே இல்லை என்பது அதன் பொருள்.

ஸ்பிட்சரின் இன்னொரு கண்டுபிடிப்பு நம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1671-இல் ஜோவன்னி கசீனி சனியின் நிலவான ஐயப்பெட்டஸைக் கண்டபோது, சனியின் ஒரு பக்கம் வரும்போது மட்டுமே அது தெரிந்தது. மறுபக்கம் போனால் மறைந்தது. அதன் ஒரு பாதி பனிபோல வெளுப்பு, மறுபாதி கரிபோலக் கறுப்பு என்று அவர் ஊகித்தது சரி. ஏன் அப்படி என்பதற்கு 300 ஆண்டுக்கு மேல் விடை இல்லை. 2009-இல் ஆன் வெர்பிஷர் குழு ஸ்பிட்சர் மூலம் சனியைச் சுற்றி ஒரு மாபெரும் தூசு வளையத்தைக் கண்டது. கோளிலிருந்து ஒரு கோடி கிலோமீட்டருக்கும் அப்பால்வரை அது நீள்கிறது. ஒரு கன கிலோமீட்டருக்கு இருபது துகள் தேறினால் அதிகம். உள்ளே போய் நின்றாலும் வளையம் இருப்பது தெரியாது. ஆனால் சுமார் 80 கெல்வினில் அந்தத் துகள்கள் விடும் வெப்பம் போதுமானதாக இருந்தது. ஃபீபி என்ற வெளி நிலவிலிருந்து கிளம்பிய இந்தத் தூசு உள்நோக்கி நகர்ந்து, எதிரே வரும் ஐயப்பெட்டஸின் முகத்தில் படிகிறது. வாகனத்தின் முன் கண்ணாடியில் மட்டும் பூச்சிகள் அப்பிக்கொள்வது போன்ற செயல்தான். கசீனியின் கேள்விக்கு இத்தனை காலம் கழித்து விடை கிடைத்த விதம், இந்தத் துறையின் பெருமைகளில் ஒன்று.

ஹெர்ஷல் பெயரையே தாங்கிய ஐரோப்பியத் தொலைநோக்கி 2009 மே 14 அன்று பிளாங்க் விண்கலத்தோடு ஒன்றாக ஏவப்பட்டது. 3.5 மீட்டர் ஆடி, 2,300 லிட்டருக்கு மேல் ஹீலியம், 2013 ஏப்ரல் வரை பணி. மிகக் குளிர்ந்தவற்றைப் பார்ப்பதே அதன் வேலை. விண்மீன் பிறக்கும் மேகங்களை அது படம்பிடித்தபோது, உருண்டைக் கட்டிகளைவிட இழைகளே கண்ணில் பட்டன. பிரித்துப்போட்ட தேங்காய் நார்போல வாயு நீண்ட நூல்களாகக் கிடந்தது. அருகிலுள்ள மேகங்களில் அந்த நூல்களின் அகலம் ஏறத்தாழ ஒரே அளவாக, 0.3 ஒளியாண்டை ஒட்டி, வந்தது. நூல் போதிய அளவு கனத்ததும் தன் எடையாலேயே அங்கங்கே முடிச்சு விழுந்து, முடிச்சில் விண்மீன் பிறக்கிறது. நண்டு நெபுலாவில் ஆர்கான் ஹைட்ரைடைக் கண்டதும் ஹெர்ஷல்தான். எதனோடும் எளிதில் சேராத மந்த வாயு ஒன்றின் மூலக்கூறு விண்வெளியில் கிடைத்தது அதுவே முதல் முறை. ஹார்ட்லி-2 வால்மீனின் நீரில் கன ஹைட்ரஜனின் விகிதம் பூமியின் கடல்நீரோடு ஒத்துப்போவதையும் அது காட்டியது. ஆனால் ரோசெட்டா விண்கலம் பின்னர் போய்ச் சேர்ந்த வால்மீனில் அந்த விகிதம் மூன்று மடங்கு இருந்தது. கடல் எங்கிருந்து வந்தது என்ற வழக்கு முடியவில்லை.

2009 டிசம்பரில் போன வைஸ் 40 சென்டிமீட்டர் ஆடி கொண்டது. திட ஹைட்ரஜனால் குளிரூட்டப்பட்டது. அது தேடித் தந்தவை சூரியனின் அண்டை வீட்டார். கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட, அணுக்கரு எரிப்பைத் தொடர முடியாத பழுப்புக் குள்ளன்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றியபடி 6.5 ஒளியாண்டுத் தொலைவிலேயே இருப்பதை, வைஸ் தரவுகளிலிருந்து கெவின் லூமன் 2013-இல் கண்டறிந்தார். அதுவரை யாரும் அறியாத அந்த இணை, சூரியனுக்கு மூன்றாவது நெருங்கிய அண்டை. மறு ஆண்டு அவரே கண்டுபிடித்த வைஸ் 0855 அதைவிட விந்தை: ஏழு ஒளியாண்டுக்குச் சற்று மேல் தொலைவு, வெப்பநிலை கழித்தல் 48 முதல் கழித்தல் 13 டிகிரி செல்சியஸுக்குள். இமயத்தின் பனிக்காலத்தைவிடச் சூடு அதிகமில்லாத ஒரு தனித்த பொருள், எந்த விண்மீனையும் சுற்றாமல், இவ்வளவு அருகில் இருந்திருக்கிறது. ஹைட்ரஜன் தீர்ந்தபின் இதே கருவி நியோவைஸ் என்ற பெயரில் சிறுகோள்களைத் தேடியது. 2020 ஜூலையில் இந்தியாவிலும் பலர் மாலை வானில் பார்த்த வால்மீன் அந்தப் பெயரைத் தாங்கியது.

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப், பெரும்பாலும் நிழலை நம்பி வாழ்கிறது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், டென்னிஸ் ஆடுகள அளவுள்ள ஐந்தடுக்கு வெயில்திரைக்குப் பின்னால் அது நிற்கிறது. திரையின் வெயில் பக்கம் 85 டிகிரி செல்சியஸ். நிழல் பக்கம் கழித்தல் 233. நீண்ட அலைகளைப் பார்க்கும் ஒரு கருவிக்கு மட்டும் கூடுதல் குளிர் வேண்டும். அதற்கும் ஹீலியம்தான், ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் போலச் சுற்றிச் சுற்றி வருவது, ஆவியாகித் தீர்வதில்லை. ஆடி 6.5 மீட்டர், பொன் பூசிய 18 அறுகோணத் துண்டுகள்.

ஆய்வுப் பணியைத் தொடங்கிய சில வாரங்களிலேயே வெப், வாஸ்ப்-39 பி என்ற, சனியை ஒத்த எடையுள்ள கோளின் காற்றில் கார்பன் டை ஆக்சைடைக் கண்டது. கோள் விண்மீனின் முன்னால் கடக்கும்போது, அதன் காற்றின் ஓரத்தை ஊடுருவி வரும் ஒளியில் 4.3 மைக்ரானில் பள்ளம் விழுந்திருந்தது. தரையிலுள்ள தொலைநோக்கிக்கு இந்த அலைநீளம் கிட்டாததற்குக் காரணம் நம் காற்றிலுள்ள அதே கார்பன் டை ஆக்சைடு. அந்தக் கோளிலேயே சல்பர் டை ஆக்சைடும் கிடைத்தது. விண்மீனின் ஒளி பட்டு நடக்கும் வேதிவினையால்தான் அது உண்டாக முடியும். பூமியில் ஓசோன் உருவாவதும் ஒளியால் நடக்கும் வினைதான்.

வெப் கட்டப்பட்டதன் முதல் நோக்கம் பிரபஞ்சத்தின் தொடக்க காலம். தொலைவிலிருந்து வரும் ஒளி, வழியில் விண்வெளியே விரிவதால் தானும் நீள்கிறது. 2024-இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற விண்மீன் திரளின் ஒளி 15 மடங்குக்கு மேல் நீண்டிருந்தது: 0.12 மைக்ரான் புறஊதாவாகப் புறப்பட்டது 1.8 மைக்ரானைத் தாண்டி அகச்சிவப்பாக வந்து சேர்ந்தது. பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுக்குள் புறப்பட்ட ஒளி அது. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. 2025-இல் மாம்-இசட்14 என்ற திரள் இன்னும் சற்று முந்தைய காலத்திலிருந்து, சுமார் 28 கோடி ஆண்டுக் கட்டத்திலிருந்து, தெரிந்தது. இத்தனை பிரகாசமான திரள்கள் அவ்வளவு சீக்கிரம் உருவாகியிருக்கும் என்று முந்தைய கணக்குகள் எதிர்பார்க்கவில்லை. ஜேட்ஸ் திரளில் ஆக்சிஜன் இருப்பதைச் சிலியின் அல்மா தொலைநோக்கிகள் 2025-இல் உறுதிசெய்தன. ஆக்சிஜன் விண்மீனுக்குள் சமைவது, எனவே ஒரு தலைமுறை விண்மீன்கள் அதற்குள் பிறந்து மடிந்துவிட்டன.

அதே படங்களில் யாரும் எதிர்பாராத சிறு செம்புள்ளிகளும் ஏராளமாகப் பதிந்தன. பெருவெடிப்புக்குப் பின் 60 கோடி முதல் 150 கோடி ஆண்டு வரையிலான காலத்தில் அவை மிகுதி, பிறகு அரிதாகின்றன. அவற்றின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் அகன்றிருக்கின்றன. நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வாயு சுழல்கிறது என்பதையும், நடுவில் பெரும் கருந்துளை இருக்கலாம் என்பதையும் அது காட்டுகிறது. ஆனால் உணவருந்தும் கருந்துளையிடம் எதிர்பார்க்கும் எக்ஸ் கதிர்கள் பெரும்பாலானவற்றிலிருந்து வரவில்லை. அடர்ந்த ஹைட்ரஜன் வாயு கருந்துளையை உறைபோலப் போர்த்தி, அந்த உறையே ஒரு விண்மீனின் மேற்பரப்புபோல ஒளிர்கிறது என்பது இப்போது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. அந்தச் சிவப்பு தூசால் வந்ததா வாயுவால் வந்ததா என்று பிரித்தறிய, புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் நிறமாலையை அளந்துவருகிறார்கள்.